மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்திலிருந்து போன் வரும்போது: இங்கிலாந்தில் ஒருவர் இறந்தபின் என்ன நடக்கிறது

என் அம்மா இறந்த மூன்றாம் நாள் காலை ஒரு போன் வந்தது. பேசிய பெண் மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்திலிருந்து அழைப்பதாகச் சொன்னார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். மரணச் சான்றிதழில் என்ன காரணம் எழுதப்போகிறார்கள் என்று நிதானமாக விளக்கினார். கடைசியில், "உங்களுக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா? அம்மாவைக் கவனித்துக்கொண்ட விதத்தில் மனக்குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

வீடு நிறைய ஆட்கள். அடுப்படியில் யாரோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இல்லை, எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், ரொம்ப நன்றி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்று இரவு தம்பி கேட்டான்: "அக்கா, ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிட்ட மாத்திரையை ஆஸ்பத்திரியில் திடீரென்று நிறுத்தினார்களே, ஏன் என்று கேட்டாயா?" கேட்கவில்லை. அந்தக் கேள்வி இரண்டு வாரமாக எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது. கேட்பதற்கென்றே ஒருவர் அழைத்தபோது வாயில் வரவில்லை.

மறுநாள் நானே அந்த எண்ணுக்கு அழைத்தேன். அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. பிற்பகலில் மெடிக்கல் எக்ஸாமினரே பேசினார். அம்மாவின் மருந்துச் சீட்டு அவர் கையில் இருந்தது. வயிற்றில் ரத்தக் கசிவு தெரிந்ததால் மாத்திரையை நிறுத்தியது சரியான முடிவு, அதை உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டது தவறு, அதை மருத்துவமனையின் உரிய பிரிவுக்கு எழுதுகிறேன் என்றார். சான்றிதழில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால், அந்த மாத்திரை இன்றும் எங்கள் வீட்டில் பேச்சாக ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் புதிதாக வந்தவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் இறந்தபின் எந்த வரிசையில் என்ன நடக்கும், யார் கூப்பிடுவார்கள், என்ன கேட்கலாம் என்பதை இப்போதே ஒருமுறை படித்து வையுங்கள். அந்த நாளில் எதையும் படிக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

இவர் யார்

மெடிக்கல் எக்ஸாமினர் என்பவர் அனுபவமுள்ள ஒரு டாக்டர். முழுப் பதிவு பெற்ற டாக்டராகக் குறைந்தது ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும். இதற்கென்று தனிப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே இந்த வேலையைச் செய்கிறார்கள். மற்ற நேரத்தில் அவர்கள் ஜி.பி. (குடும்ப டாக்டர்), மயக்க மருந்து நிபுணர், முதியோர் மருத்துவர் என்று வழக்கமான பணியில் இருப்பார்கள். இறந்தவருக்குச் சிகிச்சை கொடுத்தவராகவோ அவருடைய உறவினராகவோ இருந்தால் அந்த மரணத்தை அவர் பரிசீலிக்கக் கூடாது. அவருக்கு உதவியாக மெடிக்கல் எக்ஸாமினர் ஆபிசர்கள் இருப்பார்கள். உங்களுக்கு முதலில் போன் செய்வது பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான்.

ஒவ்வொரு மரணத்திலும் இவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். இவர் எதனால் இறந்தார்? இதைக் கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டுமா? சிகிச்சையில் யாராவது கவனிக்க வேண்டிய குறை இருந்ததா?

பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் பலர் பயந்துவிடுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குச் சட்ட வைத்திய அதிகாரி நினைவுக்கு வருகிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை. அமெரிக்காவில் இதே பெயரில் இருப்பவர்கள் பிரேதப் பரிசோதனை செய்கிறவர்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இங்கே இவர் உடலை அறுப்பதில்லை. மருத்துவமனைக் குறிப்புகள், ஜி.பி. பதிவுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டு இவற்றைப் படிக்கிறார், சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் பேசுகிறார், உங்களிடம் பேசுகிறார். அவ்வளவுதான் அவர் வேலை. உங்களிடம் இதற்கு ஒரு பென்னிகூட வாங்கமாட்டார்கள்.

கொரோனர் வேறு. அவர் நீதித்துறைப் பதவியில் இருப்பவர். இயற்கையாக நேராத மரணங்களையும் காரணம் தெரியாத மரணங்களையும் விசாரிப்பவர். பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிடுவது அவர்தான். கொரோனர் விசாரிக்காத எல்லா மரணங்களையும் மெடிக்கல் எக்ஸாமினர் பார்த்தாக வேண்டும் என்பது 2024 செப்டம்பர் 9 முதல் சட்டம்.

ஹைட் என்ற ஊரும் கேட்கப்படாத குடும்பங்களும்

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால், அந்த போனை நீங்கள் வேறு மாதிரி எடுப்பீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்று ஓர் ஊர். அங்கே ஹெரால்ட் ஷிப்மன் என்ற ஜி.பி. ஊர் மதித்த டாக்டராக இருந்தார். தன்னிடம் வந்த வயதான நோயாளிகளுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, டயாமார்ஃபின் என்ற கடுமையான வலிநிவாரணி மருந்தை ஊசியாகப் போட்டுக் கொன்றார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்காக அவருக்குத் தண்டனை கிடைத்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த பொது விசாரணை, அவர் 215 பேரைக் கொன்றதாக 2002இல் முடிவு சொன்னது.

இத்தனை பேரைக் கொன்றும் எப்படி மாட்டாமல் இருந்தார்? இறப்புக்கான காரணத்தை எழுதியதே அவர்தான். எரியூட்டுவதற்கு இன்னொரு டாக்டரின் கையெழுத்து வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது. ஆனால் பக்கத்து டாக்டர்கள் அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். 1998 மார்ச்சில், அப்படிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்த பக்கத்து கிளினிக்கின் டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், ஷிப்மனின் நோயாளிகள் இவ்வளவு பேர் எப்படி இறக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுக் கொரோனரிடம் சொன்னார். போலீஸ் மேலோட்டமாக விசாரித்துவிட்டு அடுத்த மாதமே கைவிட்டது. அதன்பின் இன்னும் மூன்று பேர் செத்தார்கள்.

என்னை உலுக்கியது வேறொன்று. அம்மா நன்றாகத்தானே இருந்தார், டாக்டர் வந்துபோன கொஞ்ச நேரத்தில் எப்படி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார் என்று அந்த வீடுகளில் பலருக்கு உறுத்தல் இருந்தது. எரியூட்டும் படிவத்தில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் உங்களைக் கூப்பிடுவது அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

2009இல் சட்டம் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஷெஃபீல்டு, குளஸ்டர் போன்ற இடங்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள். 2019 முதல் மருத்துவமனைகளில் சட்டக் கட்டாயமில்லாமல் நடந்தது. வீட்டில் இறப்பவர்களையும் சேர்த்து எல்லோருக்கும் கட்டாயமாக வந்து சேர 2024 ஆகிவிட்டது.

முதல் சில மணி நேரம்

மருத்துவமனையில் இறந்தால் வார்டு நர்ஸ்களும், இறந்தவரின் குடும்பத்துக்கு உதவும் பிரீவ்மென்ட் ஆபிஸும் வழிகாட்டுவார்கள். நீண்ட நாள் நோயில் இருந்தவர் எதிர்பார்த்தபடி வீட்டில் இறந்தால் ஜி.பி. கிளினிக்குக்குச் சொல்லுங்கள், இரவாகவோ வார இறுதியாகவோ இருந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண். எதிர்பாராத மரணம் என்றால் அவசர எண் 999தான். அப்போது போலீசும் வரலாம். அது நடைமுறை, உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று கலங்க வேண்டாம். அவர்கள் வரும்வரை உடலைக் குளிப்பாட்டவோ இடம் மாற்றவோ வேண்டாம்.

உயிர் பிரிந்துவிட்டது என்று உறுதிசெய்வது வேறு, எதனால் என்று சான்றளிப்பது வேறு. முதலாவதை வீட்டுக்கு வரும் நர்ஸோ பாராமெடிக்கோ செய்யலாம். எதிர்பார்த்த மரணமாக இருந்து அது முடிந்துவிட்டால், உடலை ஃபியூனரல் டைரக்டர் (இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர்) எடுத்துச்செல்லலாம். மெடிக்கல் எக்ஸாமினரின் முடிவு வரும்வரை வீட்டில் வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், முதல் நாளே மூன்று விஷயங்களை வார்டிலோ ஜி.பி.யிடமோ சொல்லிப் பதிவுசெய்ய வைத்துவிடுங்கள். குடும்பத்தின் சார்பில் யாரிடம் பேச வேண்டும், அவருடைய போன் எண் என்ன. அவருக்கு ஆங்கிலம் சரளமாக வருமா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா. சமயக் காரணத்தால் சடங்கை விரைவில் முடிக்க வேண்டுமா. கடைசியதைச் சொல்லத் தயங்காதீர்கள். இஸ்லாமியர்கள் அன்றே அடக்கம் செய்ய விரும்புவார்கள் என்பது இங்கே பரவலாகத் தெரியும். இந்துக்களும் தாமதிக்க விரும்புவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அவசரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் கோப்பை முதலில் எடுப்பார்கள். வார இறுதியிலும் இதற்கு ஏற்பாடு வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு.

கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வரும் சொந்தங்கள் டிக்கெட் எடுக்க நாள் கேட்பார்கள். மரணப் பதிவு முடியும்வரை எரியூட்டும் நாளை உறுதியாகச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் நாள் குறித்து, ஐயரை வைத்து, மண்டபம் பிடித்தபின் கோப்பு கொரோனரிடம் போய்விட்டது. பட்ட துக்கம் போதாதென்று இருபது பேருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

சான்றிதழில் என்ன எழுதுகிறார்கள்

உயிரோடிருந்தபோது சிகிச்சை கொடுத்த ஒரு டாக்டர் மருத்துவ மரணக் காரணச் சான்றிதழை எழுதுவார். கடைசி 28 நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. எழுதியதை மருத்துவப் பதிவுகளோடு சேர்த்து மெடிக்கல் எக்ஸாமினருக்கு அனுப்புவார். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அது செல்லும்.

காரணங்கள் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று அடுக்காக இருக்கும். இதைக் கீழிருந்து மேலே படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 1ஏ என்பது நேரடியாக உயிரைப் பறித்தது; அதன் கீழே இருப்பது அதற்குக் காரணமானது; கடைசி வரிதான் எல்லாவற்றுக்கும் வேர். ஓர் உதாரணம்: 1ஏ நிமோனியா, 1பி பக்கவாதம், 1சி உயர் ரத்த அழுத்தம். அதாவது ரத்த அழுத்தத்தால் பக்கவாதம், பக்கவாதத்தில் படுத்ததால் நிமோனியா. இதன் கீழே 2 என்ற பகுதியில், நேரடிச் சங்கிலியில் இல்லாமல் உடலைப் பலவீனப்படுத்திய நோய்கள் வரும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் சர்க்கரை நோய் இங்கே இடம்பிடிக்கும். "இதயம் நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதினால் ஏற்கமாட்டார்கள். இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் வெறும் காகித விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு இருந்தது பரம்பரையாக வரும் இதய நோயா என்பது பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. வேலையிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து வந்த புற்றுநோய் என்றால் இழப்பீடு கேட்க அந்த ஒரு வரி முக்கியமான ஆதாரம். புதிய சான்றிதழில் இறந்தவரின் இனப் பிரிவையும் குறிக்கிறார்கள். மருத்துவப் பதிவில் உள்ளதைத்தான் எடுப்பார்கள், ஜி.பி.யிடம் அது தவறாகவோ காலியாகவோ இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களுக்கு இப்போதே பார்த்துவைப்பது நல்லது.

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் இருந்தால் அதையும் சான்றிதழில் எழுதுவார்கள். எரியூட்டும்போது பேஸ்மேக்கர் வெடிக்கும் என்பதால் முன்பே எடுத்தாக வேண்டும். ஃபியூனரல் டைரக்டரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அந்த போன்

எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு மூன்றாம் நாள் வந்தது. தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அந்த வாரம் எல்லா அழைப்பையும் எடுங்கள். வீட்டில் கூட்டமாக இருந்தால், "பத்து நிமிடம் கழித்து நானே அழைக்கலாமா, உங்கள் நேரடி எண் என்ன?" என்று கேளுங்கள். அதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தனி அறைக்குப் போய், கையில் பேனாவோடு பேசுங்கள்.

கடைசி நாட்களில் கூடவே இருந்தவர் பேசுவதுதான் முக்கியம். நம் வீடுகளில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் மகனோ மருமகனோ போனை வாங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் இருந்த அம்மா பக்கத்து அறையில் அழுதுகொண்டிருப்பார். தெரிந்தவர் அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டு அவரையும் உட்கார வையுங்கள், அல்லது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாட்டியின் நுரையீரலில் என்ன நடந்தது என்பதைப் பதினைந்து வயதுப் பேத்தி வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

முந்தின நாளே ஒரு தாளை எடுத்து, குடும்பத்தில் எல்லோரிடமும் "உனக்கு மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வர ஏன் அவ்வளவு நேரம் ஆனது? போன மாதம் கீழே விழுந்தாரே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அந்த மருந்தை ஏன் மாற்றினார்கள்? கடைசி இரவில் வலித்ததா? ஜி.பி. முதல் தடவையே ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா? கடைசிக் கேள்விக்கு அவரால் திட்டமாகப் பதில் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் கேட்டால் அது பதிவாகும். அந்தக் கண்ணோடு கோப்பை மறுபடி பார்ப்பார்கள்.

டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். என் அப்பா எந்த டாக்டர் முன்னாலும் உட்காரக்கூடமாட்டார். அந்த வழக்கம் இந்த ஒரு அழைப்பில் நமக்கு எதிராக நிற்கிறது. நீங்கள் கேட்பதால் யார் வேலையும் போய்விடாது. உங்கள் விசாவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை ஒருவர் என்னிடம் உண்மையாகவே பயந்து கேட்டார், அதனால் சொல்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், உரியவருக்குப் போய்ச் சேரும்.

சொல்லப்படும் காரணம் புரியாவிட்டால் "சாதாரண வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். காரணம் தவறென்று தோன்றினால் அதற்கான நேரம் இதுதான். பதிவானபின் திருத்துவது மிகக் கடினம்.

பேச மனமில்லை என்றால் பேசாமலும் இருக்கலாம், கட்டாயம் இல்லை. போனை வைத்தபின் ஏதாவது நினைவுக்கு வந்தால் என்னைப் போலத் திரும்ப அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். மெடிக்கல் எக்ஸாமினர் தண்டிப்பவர் அல்லர், இழப்பீடு தருபவரும் அல்லர். குறை கண்டால் மருத்துவமனையின் உரிய பிரிவுக்கு அனுப்புவார்; தீவிரமானதென்றால் கொரோனரிடம் தெரிவிப்பார். முறைப்படி புகார் கொடுக்க விரும்பினால் அது தனி வழி. பொதுவாக 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் பால்ஸ் என்ற நோயாளர் ஆலோசனைப் பிரிவு அதற்கு உதவும்.

கோப்பு கொரோனரிடம் போனால்

காரணம் தெரியவில்லை, விபத்து, விஷம், தற்கொலை, வேலையால் வந்த நோய், அறுவை சிகிச்சையோடு தொடர்பு, காவலில் இருந்தபோது இறந்தது: இவையெல்லாம் கொரோனரிடம் போகும். நம் குடும்பங்களில் அதிகம் அதிர்ச்சி தருவது இன்னொன்று. எண்பது வயதுப் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் படுத்து, மூன்று வாரத்தில் நிமோனியாவில் இறந்தார் என்று வையுங்கள். வயதானவர், நோயில் போனார் என்று நாம் நினைப்போம். விழுந்ததுதான் தொடக்கம் என்பதால் சட்டப்படி அதைக் கொரோனரிடம் தெரிவித்தாக வேண்டும். வீட்டில் யாரையும் குற்றம் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

கொரோனர் பார்த்துவிட்டு விசாரணை தேவையில்லை என்றால் கோப்பு மெடிக்கல் எக்ஸாமினரிடம் திரும்பி வரும். தேவை என்றால் பிரேதப் பரிசோதனை நடக்கலாம். இதற்குக் குடும்பத்தின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அறுக்காமல் சி.டி. ஸ்கேன் மூலம் பார்க்கும் வசதி சில பகுதிகளில் உண்டு. வேண்டுமானால் கொரோனர் அலுவலகத்தில் உடனே கேளுங்கள், கட்டணம் கேட்கக்கூடும். விசாரணை நீண்டால் வங்கி வேலைகளுக்காக இடைக்காலச் சான்றிதழ் தருவார்கள். உடலையும் அதற்காக மாதக்கணக்கில் வைத்திருப்பதில்லை; பரிசோதனை முடிந்ததும் பொதுவாக விடுவித்துவிடுவார்கள்.

ஸ்காட்லாந்தில் இதெல்லாம் வேறு. அங்கே 2015 மே முதல் ஒரு மறுஆய்வுச் சேவை இருக்கிறது. எல்லா மரணங்களையும் பார்க்காமல், சான்றிதழ்களில் ஒரு பகுதியை மட்டும் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்துப் பரிசீலிக்கிறது. கொரோனரின் இடத்தில் புரோக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்குரைஞர் இருப்பார். எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி நடக்க வேண்டாம்.

பதிவு செய்வது

எல்லாம் ஒத்துப்போனால் சான்றிதழ் மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்திலிருந்து நேராகப் பதிவாளருக்கு மின்னஞ்சலில் போகும். முன்பு போல உறையை வாங்கிக்கொண்டு நீங்கள் அலைய வேண்டாம். உங்களுக்குத் தகவல் சொல்வார்கள். பதிவாளருக்குச் சான்றிதழ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 5 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறந்த நாளிலிருந்து எண்ணிப் பதற வேண்டாம். நேரம் வாங்கிக்கொண்டு நேரில்தான் போக வேண்டும். உறவினரோ துணையோ போகலாம்.

பதிவு முடிந்ததும் எரியூட்டவோ அடக்கம் செய்யவோ அனுமதிக்கும் பச்சைத் தாளைத் தருவார்கள், அல்லது நேரடியாக ஃபியூனரல் டைரக்டருக்கு அனுப்புவார்கள். இதற்குக் கட்டணமில்லை. மரணச் சான்றிதழ் பிரதி ஒன்றுக்கு 12.50 பவுண்டு. இங்கே இரண்டு வங்கி, ஒரு காப்பீடு, ஊரில் ஒரு நிலம், அங்கே ஒரு வங்கி என்றால் ஐந்தாறு பிரதிகளாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்க் காரியங்களுக்குப் போட்டோகாப்பி செல்லாது. "டெல் அஸ் ஒன்ஸ்" என்ற சேவைக்கான எண்ணையும் பதிவாளர் தருவார். ஒரே தடவையில் ஓய்வூதியம், பாஸ்போர்ட், கவுன்சில் எல்லாவற்றுக்கும் தகவல் போய்விடும். எரியூட்டுவதற்காக டாக்டருக்குத் தனியாக 82 பவுண்டு கொடுத்த படிவம் 2024 செப்டம்பரோடு போய்விட்டது. பழைய விலைப்பட்டியலில் யாராவது அதைச் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

உடலை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோக வேண்டுமென்றால் கொரோனருக்கு முன்னறிவிப்புக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பதிவாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஸ்தியை மட்டும் கீரிமலைக்கோ ராமேஸ்வரத்துக்கோ எடுத்துப்போக அந்த அனுமதி வேண்டாம். எரியூட்டு நிலையம் தரும் சான்றிதழும் மரணச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். தூதரகமும் விமான நிறுவனமும் வேறென்ன கேட்கின்றன என்று டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) எண் எது இருக்கிறதோ எடுத்துப்போங்கள். நம் பெயர்கள் அங்கே ஒரு பெரிய சிக்கல். அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தது; ஜி.பி. பதிவில் அம்மாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டிருந்தது. மருத்துவமனைச் சான்றிதழில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கோவை. மெடிக்கல் எக்ஸாமினர் அலுவலகம் அழைக்கும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். வேறு பெயர்களில் அறியப்பட்டிருந்தால் அதையும் பதிவில் சேர்க்க முடியும், கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பதிவாளர் பக்கத்தை உங்களிடம் காட்டுவார். நான் அதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை அம்மா பிறந்த ஊரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைத் தம்பி காட்டினான். பதிவாளர் அங்கேயே திருத்தினார். மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.